தோள் கொடுத்த எண்ணெய்: பவர் ஸ்டியரிங் பம்பும் அதன் பழுதும்

பவர் ஸ்டியரிங் என்று வழங்கும் அமைப்பு, ஓட்டுநரின் கையிலுள்ள சக்கரத்துக்கும் சாலையில் திரும்ப வேண்டிய முன்சக்கரங்களுக்கும் நடுவே எண்ணெயின் அழுத்தத்தைத் துணையாக நிறுத்தும் ஏற்பாடாகும். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது, எஞ்சினின் முன்புறத்தில் பெல்ட் ஒன்றால் சுழற்றப்படும், இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு பம்ப். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவான கார்களில் அது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பணியாற்றியிருந்தும், பழுதாகும் வரை பெரும்பாலான உரிமையாளர்கள் அதை அறிந்ததில்லை. பழுதான அன்றோ, அதுவரை விரலால் திருப்பிய கார் தோளால் தள்ள வேண்டிய பொருளாகிவிடுகிறது. ஆனால் அந்நிலையிலும் கார் திரும்பவே செய்கிறது என்பதுதான் இவ்வமைப்பின் வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி. துணை போகலாம், கட்டுப்பாடு போகக்கூடாது என்ற நிபந்தனையே இதன் வடிவத்தைத் தொடக்கம் முதல் தீர்மானித்தது. பின்வந்தோர் அந்தத் துணையை நம்பிக் காரையே மாற்றி அமைத்ததால், பம்பின் பழுது அது முதலில் வந்தபோது இருந்ததைவிடக் கனமான சுமையாயிற்று.

இந்த எண்ணம் தரையில் பிறந்ததன்று. நீராவிக் கப்பல்கள் பெருத்தபோது சுக்கானைத் திருப்புவதற்குப் பலர் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது; 211 மீட்டர் நீளமுள்ள கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் 1860-களின் பிற்பகுதியில் ஜான் மெக்ஃபார்லேன் கிரே என்ற பொறியாளர் நீராவியால் இயங்கும் சுக்கான் பொறியைப் பொருத்தினார். கை எவ்வளவு திருப்புகிறதோ அவ்வளவே பொறியும் திருப்பி, கை நின்ற இடத்தில் தானும் நின்றுவிடுவதுதான் அதன் நுட்பம். வெறும் பலத்தைக் கூட்டுவது எளிது. கையின் குறிப்பறிந்து நிற்கும் பலத்தை உண்டாக்குவதே அரிது. பிரான்சின் ஜோசப் ஃபார்கோவும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வகைப் பொறிகளை வடிவமைத்து, அவற்றைப் பற்றி நூலும் எழுதினார்.

தொடக்கக் காலக் கார்களுக்கு இத்தகைய உதவி தேவைப்படவில்லை. அவை இலேசானவை, டயர்கள் ஒல்லியானவை, அவற்றில் காற்றும் மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருந்ததால் சாலையைத் தொட்ட பரப்பு சிறிது. 1923-இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘பலூன்’ டயர், அகன்ற உடலும் குறைந்த காற்றழுத்தமும் கொண்டு குலுக்கலைக் குறைத்தது. ஆனால் பரந்து தரையைப் பற்றிய அந்த ரப்பரை, கார் நின்றிருக்கும்போது திருப்புவது கைக்குப் பெரும் பாடாயிற்று. அடுத்த கால் நூற்றாண்டில் எஞ்சின்கள் பெருத்து முன் அச்சின்மேல் கூடுதல் எடை ஏறவும், பொறியாளர்களுக்கு எஞ்சியிருந்த வழி ஒன்றுதான்: ஸ்டியரிங் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கர விகிதத்தைத் தளர்த்தி, ஒரே திருப்பத்துக்குக் கையால் அதிகச் சுற்றுகள் சுற்றும்படி செய்வது. இதனால் பலம் மிச்சமாயிற்று, நேரம் செலவாயிற்று. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சக்கரத்தைத் திருப்ப ஐந்து சுற்றுக்கும் மேல் சுற்ற வேண்டிய பெரிய கார்கள் அன்று சாதாரணம். திடீரென எதிர்ப்படும் ஒன்றிலிருந்து விலக நேர்ந்தால் அந்தச் சுற்றுகளுக்கு நேரம் இருக்காது.

பாரவண்டிகளில் இத்துன்பம் முன்பே முற்றியிருந்தது. பிட்ஸ்பர்க் நகரின் ராபர்ட் ட்வைஃபோர்டு 1900-இல் பெற்ற நான்கு சக்கர இயக்கக் காப்புரிமையில் எஞ்சின் பலத்தாலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும் ஏற்பாடும் அடங்கியிருந்தது. 1903-இல் கொலம்பியா நிறுவனத்தின் ஐந்து டன் மின்வண்டி ஒன்றில் ஸ்டியரிங்குக்கு உதவத் தனி மின்மோட்டார் இருந்தது. இவை இரண்டும் சந்ததி இல்லாமல் போயின. பின்னாளில் நிலைத்தது எண்ணெய் வழியே; அதற்குரியவர் பிரான்சிஸ் டபிள்யூ. டேவிஸ் (1887–1978).

ஹார்வர்டில் பொறியியல் பயின்ற டேவிஸ், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருந்த பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் டிரக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்தார். கனத்த டிரக்குகளின் ஸ்டியரிங் பற்றிய புகார்கள் அவர் மேசைக்கு வந்தவண்ணம் இருந்தன. 1922-இல் அவர் வேலையை விட்டு விலகி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில் சிறு பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஜார்ஜ் ஜெசப் என்ற கருவி வினைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். வால்தம் கைக்கடிகாரத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். நூலிழை நுட்பத்தில் உலோகம் கடையும் கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை என்பது இம்முயற்சிக்கு நன்மையே செய்திருக்க வேண்டும், ஏனெனில் எண்ணெய் அழுத்தத்தை அடக்கிவைக்கும் வால்வுகளுக்கு அத்தகைய நுட்பமே தேவை.

அக்கால ஹைட்ராலிக் எந்திரங்களில், அதாவது திரவத்தின் அழுத்தத்தால் வேலை செய்யும் எந்திரங்களில், வால்வுகள் மூடியே இருக்கும். அழுத்தம் முழுவதும் உள்ளே தேங்கி நிற்க, தேவையானபோது வால்வு திறந்து அது வேலைக்கு விடப்படும். காருக்கு இம்முறை ஒத்துவரவில்லை. எப்போதும் அழுத்தம் தாங்கி நின்ற குழாய்களும் இணைப்புகளும் கசிந்தன. டேவிஸ் அம்முறையைத் தலைகீழாக்கினார். அவருடைய வால்வு இயல்பாகத் திறந்தே இருக்கும்; கார் நேராகச் செல்லும்போது பம்ப் தள்ளும் எண்ணெய் எதிர்ப்பின்றிச் சுற்றிக் கலத்துக்கே திரும்பிவிடும். ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பும்போதுதான் வால்வு சிறிது ஒருபக்கம் நகர்ந்து, ஒரு வழியை நெருக்கி, பிஸ்டனின் ஒரு முகத்தில் அழுத்தத்தை எழுப்பும். கை நின்றால் அழுத்தமும் வடியும். இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் கிடைத்தது: எண்ணெய் இல்லாமற்போனாலும், பம்ப் நின்றாலும், கைச்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை செல்லும் இரும்புத் தொடர்பு அறுபடாது. வால்வு நகர்வதற்கென்று விடப்பட்ட சிறு இடைவெளி தீர்ந்ததும் இரும்பு இரும்பைத் தள்ளும்.

பியர்ஸ்-ஆரோ கார் ஒன்றில் இதைப் பொருத்திய டேவிஸ், 1920-களின் நடுப்பகுதியில் அதை டெட்ராய்ட்டுக்கு ஓட்டிச்சென்று கார் நிறுவனங்களின் பொறியாளர்களிடம் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1926-இல் அவருடன் ஒப்பந்தம் செய்தது. காடிலாக் காரில் இது வருவதாக இருந்தது. பிறகு வந்தது பொருளாதாரப் பெருமந்தம். அச்சுகளுக்கும் எந்திரங்களுக்கும் ஆகும் செலவை, சில ஆயிரம் கார்களே விற்கும் காலத்தில் ஈடுகட்ட இயலாது என்று கணக்கிட்டு 1934-இல் நிறுவனம் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. டேவிஸ் 1936-இல் பெண்டிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்தார். இத்தனை ஆண்டுகள் கார்களால் வராத சந்தை இரண்டாம் உலகப் போரால் வந்தது. கவசம் பூட்டிய போர் வாகனங்களைக் கையால் மட்டும் திருப்ப இயலாதென்ற நிலையில் அமெரிக்காவில் பிரிட்டிஷ் படைக்காகவும் பிறர்க்காகவும் உருவான வாகனங்களில் அவரது அமைப்பு ஆயிரக்கணக்கில் பொருத்தப்பட்டது. சொகுசுப் பொருளாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்ட ஒன்று முதலில் போர்க்களத்தில் தேவையாகி, அதன்பின் சொகுசாகத் திரும்பிவந்தது.

அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமைக்கு அன்று 17 ஆண்டுக் காலமே ஆயுள். டேவிஸின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்ட நிலையில், 1951-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் ‘ஹைட்ராகைட்’ என்ற பெயரில் பவர் ஸ்டியரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்கள் வாங்கிய காரில் இது வந்தது அப்போதுதான். கால் நூற்றாண்டுக்கு முன்பே கைக்கு எட்டியதை நழுவவிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் விரைந்து டேவிஸிடமே திரும்பி, 1952-இல் காடிலாக்கில் அளித்தது. 1954-இல் எல்லாக் காடிலாக் கார்களிலும் அது தனிக் கட்டணமின்றி இடம்பெற்றது. கண்டுபிடித்தவரின் உரிமை முடிந்த பின்பே கண்டுபிடிப்பு வீதிக்கு வந்தது என்பது தொழில்நுட்ப வரலாற்றில் புதிதன்று. ஆயினும் முதலில் வாங்கிய நிறுவனமே போட்டியாளரிடம் முந்துரிமையை இழந்த விதம் சற்று வேடிக்கையானது.

பம்பின் உள்ளமைப்பு இங்கே விளக்கத்தக்கது, ஏனெனில் பழுதின் காரணங்கள் அதில்தான் உள்ளன. அமெரிக்கக் கார்களில் பரவலானது ‘வேன்’ வகைப் பம்ப்: உருளை வடிவான சுழலியில் வெட்டப்பட்ட காடிகளுக்குள் மெல்லிய எஃகுத் தகடுகள் உள்ளும் புறமும் வழுக்கி ஓடும், சுழலி நீள்வட்ட வளையம் ஒன்றினுள் சுழலும்போது தகடுகள் வெளியே வீசப்பட்டு வளையத்தின் சுவரைத் தேய்த்துச் செல்ல, இரு தகடுகளுக்கு இடைப்பட்ட அறை விரியும்போது எண்ணெயை உறிஞ்சி, குறுகும்போது அதை நெருக்கித் தள்ளும். ஹாரி விக்கர்ஸ் 1925-இல் உருவாக்கிய சமநிலைத் தகட்டுப் பம்ப்பில், உறிஞ்சும் வாய்களும் தள்ளும் வாய்களும் எதிரெதிரே இரண்டிரண்டாக அமைந்ததால் அழுத்தம் அச்சை ஒருபக்கமாக வளைக்காது. இக்கொள்கையே பின்னாளில் காரின் பம்புக்கும் அடிப்படையாயிற்று. கார் நின்ற இடத்தில் சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டும். கார் டயரில் அடைக்கும் காற்று 30 பவுண்டு அளவே என்பதை எண்ணினால் இதன் தன்மை விளங்கும். எஞ்சின் வேகம் கூடும்போது பம்பும் வேகமாகச் சுழலுமாதலால் மிகை எண்ணெயைத் திருப்பிவிட ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வும், அழுத்தம் எல்லை கடந்தால் வடித்துவிட விடுவிப்பு வால்வும் அதனுள்ளேயே உண்டு.

இத்தகைய பம்ப் பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் சுழல் அச்சைச் சூழ்ந்த ரப்பர் சீல் வெப்பத்தால் இறுகி வெடித்து எண்ணெய் கசியும். அல்லது ஓஸ் குழாயின் நுனியில் வேர்வைபோல் எண்ணெய் அரும்பும். கலத்தில் மட்டம் தாழ்ந்ததும் எண்ணெயோடு காற்றும் உறிஞ்சப்பட்டு அது நுரைக்கும். காற்றுக் குமிழிகள் உயர் அழுத்தத்தில் நொறுங்கும்போது, குளிர்ந்த காலையில் காரைத் திருப்புகையில் கேட்கும் அந்த நீண்ட முனகல் எழுகிறது. அப்போதும் கவனிக்காவிட்டால் எண்ணெய்ப் படலம் அறுந்து தகடுகளின் விளிம்பும் வளையத்தின் சுவரும் உரசி, பொடிந்த எஃகுத் துகள் எண்ணெயோடு சேர்ந்து ஸ்டியரிங் பெட்டியின் வால்வு வரை பயணம் செய்யும். புதிய பம்பை வாங்கிப் பொருத்திய சில நாட்களில் அதுவும் முனகத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இந்தத் துகளே காரணம். குழாய்களையும் கலத்தையும் கழுவாமல் பம்பை மட்டும் மாற்றியவர்கள் பழைய நோயைப் புதிய உடலுக்குக் கொடுத்தவர்கள். சக்கரத்தைக் கோடி வரை திருப்பி அங்கேயே இழுத்துப் பிடிக்கும் பழக்கமும் தீங்கானது. விடுவிப்பு வால்வின் வழியே அதே எண்ணெய் திரும்பத் திரும்ப நெருக்கப்பட்டு விரைவில் கொதிநிலை வெப்பம் அடையும்.

பம்ப் முற்றும் நின்ற காரை ஓட்டுவது பவர் ஸ்டியரிங்கே இல்லாத காரை ஓட்டுவது போன்றதன்று, அதைவிடக் கடினம். 1950-களின் தொடக்கத்தில் இவ்வமைப்பு விருப்பத் துணையாக வந்தபோது பல கார்களில் பற்சக்கர விகிதம் பழைய கைமுறையை ஒட்டியே இருந்தது; அவற்றில் பம்ப் நின்றால் கார் தன் பழைய நிலைக்குத் திரும்பிற்று, அவ்வளவே. ஆனால் எண்ணெய் உழைக்கிறது என்றான பின் வடிவமைப்பாளர்கள் விகிதத்தை இறுக்கினர். ஐந்து சுற்று நான்காகி, பின்பு மூன்றாயிற்று. கைச்சக்கரத்தின் விட்டம் சிறுத்தது. டயர் அகன்றது. முன்சக்கரங்களே காரை இழுக்கும் மாதிரிகள் பரவியபோது எஞ்சினும் கியர்பெட்டியும் சேர்ந்து முன் அச்சின்மேல் அமர்ந்தன. ஒவ்வொரு மாற்றமும் பம்ப் என்றும் இருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் செய்யப்பட்டது. எனவே பம்ப் நிற்கும்போது அத்தனை மாற்றங்களின் விலையையும் ஓட்டுநரின் தோள் ஒரே நேரத்தில் செலுத்துகிறது. சட்டமும் பின்னர் இதைக் கணக்கில் எடுத்தது. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 79-ஆம் எண் விதி, பயணியர் காரின் ஸ்டியரிங் நல்ல நிலையில் 150 நியூட்டன் விசைக்குள்ளும், துணை செயலிழந்த நிலையில் 300 நியூட்டன் விசைக்குள்ளும் திருப்பத்தக்கதாக இருக்க வேண்டுமென்கிறது. பின்னது ஏறத்தாழ 30 கிலோ எடையைத் தூக்கும் பலம்.

பழுது பரவலாயிருந்ததால் அதைச் சுற்றி ஒரு தொழிலும் வளர்ந்தது. மிச்சிகன் மாநிலத்தின் சேகினா நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஸ்டியரிங் ஆலையின் பம்ப் அந்நிறுவனத்தின் கார்களோடு நில்லாமல் ஜீப், அமெரிக்கன் மோட்டார்ஸ், கிரைஸ்லர் கார்களிலும் இடம்பெற்றது. இவ்வளவு பரவியதால்தான் இன்றும் அதன் சீல் தொகுதி கடைகளில் கிடைக்கிறது. ஃபோர்டின் பம்புகள் முனகலுக்குப் பேர்போனவை. அவற்றின் உரிமையாளர்களில் சிலர் சேகினா பம்பையே பொருத்திக்கொண்டனர். பழைய பம்பைக் கடையில் ஒப்படைத்து, செப்பனிட்ட ஒன்றைக் குறைந்த விலைக்குப் பெறும் மாற்றுமுறை அமெரிக்காவில் நிலைபெற்றது. ஒப்படைக்கப் பழைய பம்ப் இல்லாவிட்டால் அதற்கென முன்பணம் கட்ட வேண்டும். தொழிலறிந்தவர் செய்யும் வேலை கழற்றுவதில் தொடங்குகிறது: அச்சில் இறுக்கிச் செருகப்பட்ட புல்லியைச் சுத்தியலால் தட்டினால் உள்ளேயிருக்கும் சுழலி சிதையுமாதலால், அதற்கென்றே அமைந்த இழுப்புக் கருவியால் உருவ வேண்டும். மீண்டும் பூட்டிய பின் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை இயக்காமலேயே ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி பலமுறை மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பொறுமையற்றவர் எஞ்சினை உடனே கிளப்பிவிட, எண்ணெய் மீண்டும் நுரைத்துப் புதுப் பம்பும் குற்றம் சாட்டப்படும். வழியில் பம்ப் இறுகிப்போனால் பழைய கார்களுக்கு ஒரு சலுகை உண்டு: தனித்தனி பெல்ட்கள் கொண்டவற்றில் பம்பின் பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு வீடு சேரலாம், அதே பெல்ட் நீர்ப்பம்பையும் சுழற்றாத வரை. ஒரே நீண்ட பெல்ட் எல்லாவற்றையும் சுழற்றும் முறை 1970-களின் இறுதியில் வந்தபின் அச்சலுகை போயிற்று.

எண்ணெயின் கதை தனி. தொடக்கத்தில் பல கார்களுக்குத் தானியங்கிக் கியர்பெட்டியின் எண்ணெயே பம்புக்கும் ஊற்றப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் வகுத்த ‘டைப் ஏ’ தரமும், 1967-இல் வந்த டெக்ஸ்ரானும் அவ்வகையின. உராய்வைச் சீராக்குவதற்காக அக்கால எண்ணெய்களில் ஸ்பெர்ம் திமிங்கிலக் கொழுப்பு சேர்க்கப்பட்டிருந்தது. அமெரிக்கா அதைத் தடைசெய்த 1970-களில்தான் வேதிப்பொருள்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஒரு புறநகர் மாளிகையின் வாசலில் காரை விரலால் திருப்பியவர், ஆழ்கடல் வேட்டைக்கும் அதற்கும் இருந்த தொடர்பை அறிந்திருக்க வாய்ப்பில்லை. பிரான்சின் சித்ரோன் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட டி.எஸ். காரில் ஸ்டியரிங், பிரேக், தொங்கமைப்பு ஆகிய மூன்றுக்கும் ஒரே உயர் அழுத்த எண்ணெய் வலையே ஊட்டம் தந்தது. அங்கே பம்ப் நின்றால் கார் கனப்பதோடு நில்லாமல் தரையை நோக்கிப் படிந்துவிடும். 1966 வரை அதற்குச் சிவப்பு எண்ணெய், பிறகு பச்சைக் கனிம எண்ணெய். ஒன்றுக்குரிய சீல்களை மற்றது அரித்துவிடுமாதலால், பழைய டி.எஸ். வைத்திருப்போர் நிறத்தைப் பார்க்காமல் மூடியைத் திறப்பதில்லை.

இந்தியாவில் இவ்வமைப்பு மிகத் தாமதமாக வந்தது. நாட்டின் சாலைகளை நீண்ட காலம் ஆண்ட அம்பாசடர் கார் பெரும்பாலும் கைமுறை ஸ்டியரிங்கோடுதான் வாழ்ந்தது. அதன் பெரிய கைச்சக்கரம் பலத்துக்காகவே பெரியது. பஸ், லாரிகளில்தான் தேவை முதலில் உணரப்பட்டது. 1929-இல் மதராஸில் வாகன வணிக நிறுவனமாகத் தொடங்கி, பின்னர் ஸ்டியரிங் உறுப்புகளைச் செய்யும் ஆலையாக வளர்ந்த ரானே குழுமம், அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்துடன் கூட்டுச்சேர்ந்து 1980-களின் பிற்பகுதியில் பவர் ஸ்டியரிங் உற்பத்தியில் இறங்கியது. திருச்சிக்குத் தெற்கே விராலிமலையில் அதன் ஆலை அமைந்தது. 1990-களின் நடுவில் பன்னாட்டு நிறுவனங்களின் கார்கள் நுழைந்தபோதே பவர் ஸ்டியரிங் விளம்பரங்களில் இடம்பிடித்தது. அந்தத் தலைமுறைக் கார்கள் இன்று பழையனவாகிவிட்டன; நிறுவனமே நாட்டை விட்டுச் சென்றுவிட்ட மாதிரிகளுக்குப் புதிய பம்ப் கிடைப்பதரிது. பிரித்தெடுத்த உறுப்புகளுக்குப் பேர்பெற்ற சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளும், தேய்ந்த அச்சைக் கடைந்து சீல் மாற்றித் தரும் லேத் பட்டறைகளும் அவற்றின் ஆயுளை நீட்டி வருகின்றன.

பம்ப் எஞ்சின் சுழலும் வரை ஓயாமல் சுழல்வது. நெடுஞ்சாலையில் நேரே செல்லும் கார் எதையும் திருப்பாதபோதும் எரிபொருளை அதற்குச் செலவிட்டுக்கொண்டேயிருக்கும். எரிபொருள் சிக்கனம் சட்டமாகத் தொடங்கியபோது இந்த வீண்செலவே பம்புக்கு எதிரியாயிற்று. 1988-இல் ஜப்பானின் சுசூகி செர்வோ என்ற சிறுகாரில், திருப்பும்போது மட்டும் உழைக்கும் மின்மோட்டார் வந்தது. 1990-இல் ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ். அதை விரைவுக் காருக்கும் கொண்டுசென்றது. 1903-இன் கொலம்பியா வண்டி கைவிட்ட வழியை எண்பது ஆண்டுகளுக்குப் பின் மின்னணுவியல் மீட்டெடுத்தது எனலாம். இன்று புதிய சிறுகார்களில் பம்பும் பெல்ட்டும் ஓஸ் குழாயும் அறவே இல்லை. சேகினாவின் ஆலையும் நெக்ஸ்டீர் என்று பெயர் மாறி, 2010-இல் சீன முதலீட்டாளர்களின் கைக்குச் சென்று, மின் ஸ்டியரிங்கையே முதன்மையாகச் செய்கிறது. மின்மோட்டாரும் பழுதாகும், ஆனால் முனகலோ கசிவோ முன்னறிவிப்பாக வருவதில்லை, மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது, பட்டறையில் சீல் மாற்றுவதற்கு அங்கே ஏதுமில்லாததால் பெரும்பாலும் முழுத் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்கிறது.